நாலு டிஸ்க்குக்கும் பொட்டு

சர்வீஸ் பையில் ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் அடியில் இருக்கட்டும். நோட்டும் பேனாவும் மேலே இருக்கட்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் ஆட்கள் கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான். முப்பது வருஷம் கம்ப்யூட்டர் பழுது பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன், கடைசியில் பை அடுக்குவதைப் பற்றியா சொல்ல வேண்டும் என்று சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். என் பையில் பாட்டில் மேலே இருந்ததால் ஒரு மனிதர் தன் மகள் சொன்ன ஒரு வார்த்தையை ஒரேயடியாக இழக்க இருந்தார். அந்தக் கதையைச் சொல்கிறேன், பிறகு உங்கள் இஷ்டப்படி அடுக்கிக்கொள்ளுங்கள்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருந்தேன். லீவு நாட்களில் சுற்றுவட்டாரத்தில் தெரிந்தவர்கள் வீட்டு மெஷின்களையும் பார்த்துக் கொடுப்பேன். என்னிடம் இரண்டு குணங்கள் உண்டு. அழுக்கைக் கண்டால் ஆகாது. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் பளபளவென்று துடைத்துவிட்டுத்தான் என்ன கோளாறு என்றே பார்ப்பேன். இன்னொன்று, கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். என் மனைவி இதைப் படித்தால் "கொஞ்சமா?" என்று கேட்பாள்.

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் குமரேசன் என்று ஒருவர் இருந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர். ஆண்கள் பக்கம் அவர் கேமரா பிடிப்பார். பெண்கள் பக்கம் அவர் மனைவி வள்ளி பிடிப்பாள். பிறகு வீட்டில் உட்கார்ந்து மொத்தத்தையும் வெட்டி ஒட்டி எடிட் செய்வதும் வள்ளிதான். இரண்டாயிரத்து எட்டு வாக்கில் வீடியோக்களைச் சேர்த்து வைக்க வீட்டில் ஒரு சர்வர் வைத்துக்கொள்வது பெரிய சங்கதி. இவர்கள் வைத்திருந்தார்கள். அதைப் பொருத்திக் கொடுத்தவன் நான்.

சின்ன கறுப்புப் பெட்டி. முன்பக்கம் நாலு டிராயர், டிராயருக்கு ஒரு ஹார்ட் டிஸ்க், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி விளக்கு. நாலும் ஒரு கூட்டுக் குடும்பம். ஒரு டிஸ்க் படுத்துவிட்டால் மற்ற மூன்றும் சேர்ந்து அதன் பங்கையும் சுமந்துகொள்ளும், ஒரு காட்சிகூடத் தொலையாது. ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு படுத்துவிட்டால் கூட்டம் கலைந்தது. உள்ளே இருந்த எதுவும் கிடைக்காது. இதை நான் குமரேசனிடம் விலாவாரியாகச் சொல்லி, "பீப் பீப்னு சத்தம் வந்தா உடனே என்னைக் கூப்பிடுங்க" என்றும் சொல்லியிருந்தேன். சொல்லாமல் விட்ட ஒன்றும், செய்யாமல் விட்ட ஒன்றும் உண்டு. அவை பின்னால் வரும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை எங்கள் கம்பெனியில் அமர்க்களம். லேத்துக்கு, ஃபோர்க்லிஃப்டுக்கு, கேன்டீன் காபி மெஷினுக்கு என்று எதையும் விடவில்லை, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கேட்டில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் விஜயதசமி, லீவு. காலையில் நாஷ்டா முடித்துக் கையைக் கழுவுவதற்குள் போன்.

"சார், ரெண்டு லைட்டு சிவப்பா எரியுது சார். எந்த ஃபைலும் தெறக்க மாட்டேங்குது. காசிம் பாய் வேற வந்து உக்காந்துகினு கீறாரு. கொஞ்சம் ஒடனே வாங்க சார்."

குமரேசன் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. வண்டியை எடுத்தேன்.

போனபோது கூடத்தில் ஒரு பெரியவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, மடியில் ஒரு துணிப்பை. அவர்தான் காசிம் பாய். பழவேற்காட்டுக்காரர், சரக்குக் கப்பலில் சமையல்காரர். நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் அவர் மகளுக்கு நிக்காஹ் நடந்தது. கப்பல் எங்கோ தூரத்துத் துறைமுகத்தில் நின்றிருந்தது. அவரால் வர முடியவில்லை. பெருநாள் முடிந்துதான் லீவு கிடைத்தது. அதற்குள் மகள் புருஷனோடு வெளிநாடு போய்விட்டாள். மறுநாள் காலை இவர் திரும்பவும் கப்பலுக்குக் கிளம்ப வேண்டும். ஏறினால் எட்டு மாதம் கழித்துத்தான் வீடு. பூஜைக்குள் வீடியோவை முடித்துத் தருவதாக குமரேசன் சொல்லியிருந்ததால் வாங்கிப் போக வந்திருந்தார்.

"கேசட் இருக்கும்ல, அதிலேர்ந்து எடுத்துடலாமே" என்று குமரேசன் காதோடு கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். சர்வரில் ஏற்றியாகிவிட்டதே என்ற தைரியத்தில், அதே கேசட்டுகளின் மேல் அடுத்தடுத்து இரண்டு வளைகாப்பும் ஒரு காதுகுத்தும் பதிவு செய்திருந்தார். அந்தக் கல்யாணம் இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்தக் கறுப்புப் பெட்டிதான்.

சரி என்று பெட்டியை அணைத்து முதல் டிராயரை இழுத்தேன். ஹார்ட் டிஸ்க்கின் நெற்றியில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். இரண்டாவதை இழுத்தேன், அதற்கும். நாலுக்கும். ஒன்றில் சந்தனம் வழிந்து, பெட்டியோடு சேரும் பின்பக்கத்துப் பற்களுக்குள்ளேயே இறங்கிக் காய்ந்திருந்தது.

"யார் பார்த்த வேலை இது?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "இது மெஷினா, அம்மன் சிலையா? யாருக்காவது மூளை இருக்கா இந்த வீட்ல?"

வள்ளி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அதைக் கவனித்தேன், கவனித்தும் பொருட்படுத்தவில்லை. பையைத் திறந்தேன். மேலேயே இருந்தது ஸ்பிரிட் பாட்டில். பஞ்சை நனைத்து, நாலு டிஸ்க்கையும் மேசை மேல் வரிசையாக வைத்துத் துடைத்தேன். சந்தனம், குங்குமம், பூச்சு எதையும் மிச்சம் வைக்கவில்லை. பின்பக்கப் பற்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தேன். கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்ததுபோல் நாலும் மின்னின. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திகூட வந்தது என்றால் நம்புவீர்களா?

மாட்டி, பெட்டியை ஓட விட்டேன். நாலு டிஸ்க்கும் அழகாகச் சுழன்றன. ஒரு கரகரப்பு இல்லை. ஆனால் திரையில் ஒன்றாம் டிராயருக்கும் நாலாம் டிராயருக்கும் நேரே சிவப்பில் "முடக்கப்பட்டது" என்று வந்து நின்றது.

இதை மட்டும் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடக்கப்பட்ட டிஸ்க் என்றால் செத்த டிஸ்க் என்று அர்த்தமில்லை. பெட்டிக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது, அவ்வளவுதான். ஏதோ ஒரு நாள் கூப்பிட்ட நேரத்துக்குப் பதில் சொல்லாமல் இருந்திருக்கும், ஒதுக்கி வைத்துவிடும். அப்புறம் அது சொஸ்தமாகி வந்து நின்றாலும் தானாகச் சேர்க்காது. நாம் பொறுப்பேற்று, கட்டாயமாகச் சேர் என்று உத்தரவு போட்டால்தான் சேர்க்கும். இரண்டில் ஒன்றைச் சேர்த்தால் மூன்றாகிவிடும், மூன்று இருந்தால் எல்லாம் கிடைத்துவிடும். எதைச் சேர்ப்பது?

"ரெண்டுமே நேத்து பூஜைக்கு அப்புறம்தான் இப்படி ஆச்சா?" என்று குமரேசனைக் கேட்டேன்.

அவர் மென்று விழுங்கினார். "ஒண்ணு ஆடியிலயே சிவப்பா எரிஞ்சிச்சு சார். பீப் பீப்னு ஒரே பேஜாரு. வள்ளி வீடியோவுக்கு கொரல் குடுத்துக்கினு இருந்துச்சு, அதுல இதும் சேந்து பதிவாவுது. பெட்டிக்குப் பின்னாடி ஒரு பட்டன் இருந்துச்சு, அமுக்கினேன். கத்தல் நின்னுச்சு. சரியாப்பூடுச்சுன்னு நெனச்சிக்கினேன்."

அந்தப் பட்டன் வாயை மட்டும்தான் மூடும், நோயைத் தீர்க்காது என்பதுதான் நான் சொல்லாமல் விட்டது.

இப்போது நிலைமை தெளிவாகிவிட்டது. ஒரு டிஸ்க் ஆடி மாதமே ஒதுக்கப்பட்டது. அதற்குப் பிறகு பெட்டியில் ஏறிய எதுவும் அதற்குத் தெரியாது. நிக்காஹ் நடந்தது அதற்குப் பிறகுதான். இன்னொரு டிஸ்க் நேற்றுவரை கூடவே இருந்து, சந்தனம் பற்களில் ஏறியதால் இன்று காலை ஒதுக்கப்பட்டது. இதைச் சேர்த்தால் கல்யாணம் முழுசாகக் கிடைக்கும். தப்பித் தவறி ஆடி மாதத்து ஆளைச் சேர்த்தால், அது கல்யாணமே நடக்காத நாளிலிருந்து பேசும். மற்ற இரண்டும் அதன் பேச்சை நம்பி எல்லாவற்றையும் திருத்தி எழுத ஆரம்பித்துவிடும். அப்புறம் எவன் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பெட்டியின் பதிவில் "மூன்றாம் டிராயர் முடங்கியது" என்று பழைய வரி ஒன்று கிடந்தது. நல்ல துப்பு. ஆனால் இப்போது சிவப்பு எரிவது ஒன்றிலும் நாலிலும். பூஜைக்காக நாலையும் வெளியே எடுத்துத் திரும்ப வைத்தபோது இடம் மாறிவிட்டது. மூன்றாவது டிராயரில் முன்பு இருந்தது எது? நாலும் ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே அளவு. பொருத்திய அன்றைக்கு நான் ஒரு மார்க்கர் பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதியிருந்தால் போதும். நான் செய்யாமல் விட்டது அதுதான்.

"போட்டோ எதாவது எடுத்தீங்களா பூஜையில? டிஸ்க்கெல்லாம் வரிசையா வச்சிருந்தது தெரியற மாதிரி?" என்றேன் ஆசையோடு. வீடியோக்காரர் வீடாயிற்றே.

"எப்படி சார்? கேமராவும் பூஜையிலதானே இருந்துச்சு. பொட்டு வச்சிட்டா மறுநாள் வரைக்கும் தொடமாட்டோமே."

அதுவும் நியாயம்தான். அந்த ஒரு நாள் வரலாற்றுக்குப் படமே கிடையாது. "வள்ளி, எது எந்த டிராயர்ல இருந்துச்சும்மா?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தேன். உள்ளிருந்து, "தெரியாது சார்" என்று மட்டும் வந்தது.

இன்றைக்கு என்றால் இரண்டு டிஸ்க்கையும் அப்படியே நகல் எடுத்து வைத்துக்கொண்டு, நகலில் விளையாடிப் பார்ப்பேன். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். அன்று அந்த அளவுக்கு வேறு டிஸ்க் கைவசம் இல்லை. விஜயதசமி, டிஸ்க் விற்கிற கடையும் கிடையாது. பாய் விடிந்தால் கிளம்புகிறார். குமரேசன் வேறு நிமிஷத்துக்கு ஒரு தரம் "ஆயிடுமா சார், ஆயிடுமா சார்" என்று என் தோளுக்குப் பின்னால் நின்றார். பதற்றத்தில் இருக்கிறவருக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பிவிடுவது நல்லது. "போய் ஒரு மார்க்கர் பேனா வாங்கிக்கினு வாங்க, அவசரம்" என்றேன். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை மவுஸ் மேல் இருந்தது. ஒன்றா, நாலா? ஒன்று என்றுதான் மனசு சொன்னது. காரணம் எதுவும் கிடையாது. காரணமில்லாமல் மனசு ஒன்றைச் சொல்லும்போது கையை மவுஸிலிருந்து எடுத்துவிடுங்கள். நானாக எடுக்கவில்லை. காசிம் பாய் பேசியதால் எடுத்தேன்.

"தம்பி, நான் ஒண்ணு கேக்கலாமா? எங்க கப்பல்ல இன்ஜின் நின்னுப்போனா பெரிய இன்ஜினியர் ஓடி வருவாரு. ஸ்பேனரை எடுக்க மாட்டாரு. மொதல்ல ஆயில்காரனை உக்காரவச்சி, 'கடைசியா இன்னாடா தொட்ட'ன்னு கேப்பாரு. கையில டீ குடுத்துட்டுக் கேப்பாரு. டீ நான்தான் போடணும்." சிரித்தார். "அந்தப் பொண்ணுக்கு இன்னாவோ தெரியும் போலக் கீது. நீ போட்ட சத்தத்துல வாயே தெறக்கல. நான் போய் ஒரு டீ போட்டுட்டு வரட்டா?"

அடுத்தவர் வீட்டுச் சமையலறை வாசலில் நின்று, "யம்மா, கப்பல் டீ போடட்டுமா, குடிச்சிப் பாக்கறியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் இஞ்சி தட்டும் சத்தமும், வள்ளி சிரிக்கும் சத்தமும் கேட்டன. நான் போட்ட சத்தம் எனக்கே காதில் திரும்பக் கேட்டது. எழுந்து போனேன்.

"வள்ளிம்மா, நான் கத்தினது தப்பு. உங்க மேல தப்பில்ல. நம்பர் போட்டுக் குடுக்காதது நான். மன்னிச்சுக்கோங்க."

அவள் டீ டம்ளரைத் திருகிக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்: "கேமராவுக்கு வைக்கிறோம், லைட்டுக்கு வைக்கிறோம். வருஷம் பூரா ஒழைக்கிறது உள்ள கீற நாலும்தானே சார். அதுங்களுக்கு வைக்கலன்னா எப்படின்னுதான் வெளிய எடுத்தேன். நாலுக்கும் சந்தனம், குங்குமம். அந்தச் செவப்பு லைட்டு எரியறதுக்கு மட்டும் விபூதியும் பூசினேன்."

"எதுக்கு விபூதி?"

"ஒடம்பு சரியில்லாததுக்கு விபூதிதானே சார் பூசுவோம்? காய்ச்சல்னா புள்ளைங்களுக்குப் பூசறதில்லையா? அணைக்கிறதுக்கு முன்னாடியே எதுல செவப்பு எரியுதுன்னு பாத்து வச்சிக்கினு, அதுக்கு மட்டும் மூணு கோடா பூசினேன். நீங்க டிராயரை இழுத்தப்பவே சொல்லலாம்னு வந்தேன்."

நான் எழுத மறந்த அடையாளத்தை அவள் எழுதி வைத்திருக்கிறாள். அதை நான் என் கையால், ஸ்பிரிட் போட்டு, பெருமையாகத் துடைத்திருக்கிறேன். முப்பது வருஷத்தில் என்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

"எங்கயாவது கொஞ்சம் ஒட்டிக்கினு இருக்காதா சார்?" என்றாள் வள்ளி. "விபூதி லேசுல போவாதே. என் கம்மல் சந்துல இருந்தே ஒரு வாரம் வரும்."

ஒன்றையும் நாலையும் வெளியே எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோனேன். ஹார்ட் டிஸ்க்கின் மூடியில் சுற்றிலும் ஸ்க்ரூ இருக்கும், தெரியுமல்லவா. அதன் தலையில் நட்சத்திரம் மாதிரி ஒரு குழி. பஞ்சு அதற்குள் போகாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். இரண்டு டிஸ்க்கிலுமே குழிகளில் ஏதோ வெளுப்பாக இருந்தது. காய்ந்த சந்தனமும் வெளுப்பு, விபூதியும் வெளுப்பு. என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வள்ளி தன் புடவையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். முதல் டிஸ்க்கின் குழியைக் கிளறினேன். சின்னக் கட்டியாக, மஞ்சள் சாயலில் ஒரு துணுக்கு வந்தது. நாலாவதில் கிளறினேன். ஒரு குழியில் மஞ்சள் துணுக்கு, அடுத்த மூன்றில் பொடிப்பொடியாகச் சாம்பல் நிறத்தில் உதிர்ந்தது. வெள்ளைக் காகிதத்தில் தனித்தனியாகத் தட்டி வைத்தேன்.

"இதுதான் சார் விபூதி" என்று வள்ளி சாம்பல் நிறத்தைக் காட்டினாள்.

எனக்கு இன்னும் பயம். "நிச்சயமா?"

காசிம் பாய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "குடு இப்படி. முப்பத்தஞ்சு வருஷமா மசாலா மோந்து பாக்கற மூக்கு இது." இரண்டு காகிதத்தையும் விரலால் லேசாக நசுக்கி முகர்ந்தார். "இதுல சந்தன வாசனை வருது. இதுல ஒண்ணுமில்ல, அடுப்புச் சாம்பல் மாதிரி. பொண்ணு சொல்றதுதான் சரி. நாலாவதுதான் காய்ச்சக்கார ஆளு."

நாலாம் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி அலமாரி மேல் வைத்தேன். ஒன்றாவதை மாட்டினேன். "இந்த டிஸ்க்கைக் கட்டாயமாகச் சேர்க்கவா?" என்று பெட்டி கேட்டது. இந்த இடத்தில் நாம் பெரிய மனுஷன் மாதிரி படக்கென்று தட்டிவிடக் கூடாது. நஷ்டம் யாருக்கோ அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் தட்ட வேண்டும். பாயிடம் சொன்னேன்: "சரியா வரும்னுதான் நெனைக்கிறேன் பாய். ஆனா தப்பாப் போச்சுன்னா திரும்ப எடுக்க முடியாது. நீங்க வேணாம்னா விட்டுடறேன், அடுத்த லீவுக்குள்ள சென்னையில கொடுத்துப் பார்க்கலாம்."

அவர் துணிப்பையின் காதைச் சுற்றிச் சுற்றி முறுக்கினார்.

"ஆல்பம் பாத்துட்டேன் தம்பி. ஊட்ல கீது. போட்டோவுக்காக நான் வரல. அன்னிக்கு என் தம்பிதான் எனக்குப் பதிலா நின்னான். புள்ளைகிட்ட சம்மதம் கேக்கப் போறப்ப எனக்குப் போன் போட்டுக் குடுத்தாங்க. கேட்டுக்கினே இருந்தேன். என் தம்பி கேள்வி கேட்டது நல்லா கேட்டுச்சு. அது பதில் சொல்றதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு. அப்புறம் எத்தனையோ தபா பேசியாச்சு. ஆனா அந்த ஒரு வார்த்தைய நான் கேக்கல." நிமிர்ந்தார். "இப்பவும் நான் கேக்காதவன்தானே. போனாலும் எனக்குப் புதுசா இன்னா நஷ்டம்? அமுக்குப்பா."

புதிதாக என்ன நஷ்டம் என்று கேட்டவரின் கை, பையின் காதை விடவே இல்லை.

தட்டினேன். ஒன்றாம் விளக்கு சிவப்பிலிருந்து அணைந்தது. ரொம்ப நேரம் அணைந்தே கிடந்தது போல இருந்தது. பச்சையாக எரிந்தது. திரையில் கோப்புகளின் பெயர்கள் மளமளவென்று இறங்கின. வள்ளிதான் முதலில் கண்டுபிடித்தாள், "பழவேற்காடு நிக்காஹ், லேடீஸ் பக்கம்!" என்று கத்தினாள். அந்த நேரம் பார்த்து குமரேசன் மார்க்கர் பேனாவும், எதற்கென்று அவருக்கே தெரியாமல் அரைக் கிலோ மிக்சரும் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"போடு சார், போடு சார்" என்று எல்லோரும் குதித்தார்கள். நான் போடவில்லை. முதலில் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்குக்கு நகல். அது முடியும்வரை ஒருத்தரும் எதையும் திறக்கக் கூடாது. மூன்று காலில் நிற்கிற மேசை மேல் ஏறி ஆடக் கூடாது. நாற்பது நிமிஷம் ஆனது. விடிந்தால் எட்டு மாதத்துக்குக் கடலுக்குப் போகிற மனிதரை நாற்பது நிமிஷம் காக்க வைத்தது என் சர்வீஸிலேயே கஷ்டமான காரியம். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வள்ளியிடம் ரவையும் வெங்காயமும் கேட்டு வாங்கி எங்கள் எல்லோருக்கும் உப்புமா கிண்டினார். அந்த உப்புமாவை நான் இன்னும் மறக்கவில்லை. நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் மார்க்கரால் நாலு டிராயரிலும் எண் போட்டேன். அலமாரியில் இருந்த டிஸ்க்கை எடுத்து அதன் மேலும், அது முன்பு இருந்த இடம் அதுதான் என்பதால், "மூன்று" என்று எழுதினேன்.

நகல் முடிந்தது. அந்த வீடியோவை எடுத்தது வள்ளி. எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். நேராக அங்கே ஓட்டி நிறுத்தினாள்.

ஒரு அறை. பெண்கள் கூட்டம். நடுவில் சிவப்புப் புடவையில் பாயின் மகள், தலை குனிந்து. கையில் ஒரு சின்ன போன். கதவோரம் நின்ற சித்தப்பா பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்கிறார். எல்லோரும் அவள் வாயையே பார்க்கிறார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. போனை வாயருகே கொண்டுபோய், "வாப்பா, கேக்குதா?" என்கிறாள். பதில் இல்லை. யாரோ, "லைன் கட்டாயிருக்கும், நீ சொல்லும்மா, நேரமாவுது" என்கிறார்கள். "வாப்பா, கேக்குதா?" திரும்பவும். இன்னொரு தரம். பக்கத்தில் இருந்தவள் தோளைத் தட்டுகிறாள். அவள் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்து, கட்டாகிப் போன அந்தப் போனுக்குள்ளேயே சொல்கிறாள்.

"சம்மதம் வாப்பா."

காசிம் பாய் திரைக்கு வெகு அருகே போய்விட்டிருந்தார்.

"கேட்டுச்சும்மா" என்றார். "கேட்டுச்சு."

அந்த இடத்தை மட்டும் மூன்று தரம் போடச் சொன்னார். மூன்று தரமும் பதில் சொன்னார். குமரேசன் மிக்சர் பொட்டலத்தைப் பிரித்த கையோடு அப்படியே நின்றார். எனக்குக் கண் மறைத்தது. கண்ணில் எது பட்டாலும் உடனே துடைக்கிற பழக்கம்தான், சொன்னேனே. கை தானாக மேசைக்குப் போய்ப் பஞ்சை எடுத்துக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்துவிட்டது.

"சார்!" என்று வள்ளி போட்ட சத்தம் ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கும். "தொடைக்காதீங்க! அதுல ஸ்பிரிட் கீது!"

இந்தத் தரம் நான் துடைக்கும் முன்பே கேட்டுக்கொண்டேன்.